கண்ணாடித் தொட்டியும் கொசுப்புழுவும்

1. தொட்டி வந்த காலை

தொட்டி மலாயாவின் ரெங்கம் ரயில் நிலையத்தில் வந்து இறங்கியது 1931ஆம் ஆண்டு, ஆடி மாதக் கடைசியில். தேதியையும் சொல்லிவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் இரண்டு தேதிகள் மனத்தில் நின்று ஒன்றையொன்று மறுக்கின்றன. கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட இருப்பவர்களின் பெயர்களை, ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டில் வாசித்த அதே காலை என்பது மட்டும் நிச்சயம். பெரட்டு முடிந்து பெண்கள் அழுதுகொண்டு கலைந்த நேரத்தில், வைக்கோல் சுற்றிய பெரிய பெட்டியோடு மாட்டுவண்டி ஒன்று துரை பங்களாவுக்கு ஏறிப் போனது. யாரோ செத்துவிட்டார்கள், சவப்பெட்டி வருகிறது என்று சிலர் நினைத்தார்கள்.

கித்தா விலை, அதாவது ரப்பர் விலை, விழுந்து கிடந்த காலம் அது. சிம்பாங் ரெங்கத்திலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்தத் தோட்டத்தின் ஆஸ்பத்திரியில் நான் டிரசர். மருந்து கொடுப்பது, புண் கட்டுவது, பேறு பார்க்கும் பெண்ணுக்கு உதவுவது ஆகியவற்றோடு கொசு ஒழிப்பும் என் பொறுப்பு. என் கீழே நாலு எண்ணெய்க்காரர்கள் இருந்தார்கள். முதுகில் தகரப் பம்பைக் கட்டிக்கொண்டு, கான் என்னும் வடிகால், ஓடை, பள்ளம் என்று தண்ணீர் நிற்கும் இடமெல்லாம் வாரம் தவறாமல் எண்ணெய் அடிப்பது அவர்கள் வேலை. எண்ணெய்ப் படலம் மூடினால் புழுவுக்கு மூச்சு இல்லை. புழு செத்தால் கொசு இல்லை. கொசு இல்லாவிட்டால் குளிர்காய்ச்சல் இல்லை.

அந்த மாதத் தொடக்கத்தில் துரை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். தொழிலாளிகளிடம் அவர் தோட்டத்துத் தமிழ் பேசுவார், என்னிடம் ஆங்கிலம்தான்.

“போன வருஷம் காய்ச்சல் எப்படி?” என்று கேட்டார்.

“மிகவும் குறைவு, சார்,” என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

“காய்ச்சலே இல்லாத தோட்டத்துக்கு நாலு எண்ணெய்க்காரன் எதற்கு?”

அவர் சொன்னதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று பட்டது. எங்கே என்று பிடிபடவில்லை. நான் விழித்துக்கொண்டு நின்றபோதே இரண்டு பெயர்களை அடித்துவிட்டார். அதில் ஒன்று மாரிமுத்து.

மாரிமுத்துவுக்கு அப்போது முப்பது வயது இருக்கும். வாய் ஓயாத மனிதர். அவர் மனைவி அஞ்சலை பால் வெட்டுகிறவர்; இதே தோட்டத்து லயத்தில், வேலையாட்களின் வரிசை வீடுகளில், பிறந்தவர். பெரட்டு முடிந்ததும் அஞ்சலை ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார்.

“டிரசர் ஐயா, இவரு ஊருன்னு சொல்றது இவருக்கு ஊரு. எனக்கு எது ஊரு? கப்பல்ல ஏத்தி விட்டா எங்க எறங்கறதுன்னே எனக்குத் தெரியாது. அங்க எனக்கு யாரு இருக்கா?”

“நான் என்னம்மா செய்ய முடியும்?” என்றேன்.

“ஊசி போடத் தெரியுதுல்ல? தொரைகிட்ட ஒரு வார்த்தை போடத் தெரியாதா?”

வார்த்தை போட எனக்கு வழி கொடுத்தது அந்தக் கண்ணாடித் தொட்டிதான். துரைசானி அதைச் சிங்கப்பூரிலிருந்து வரவழைத்திருந்தார். அதற்குள் ஓடைச் செடிகளை நட்டு, உள்ளூர் மீன்களை விட்டு, பங்களா வராந்தாவில் வைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. சுகாதாரம் தெரிந்தவன் என்பதால் மேற்பார்வை என் தலையில் விழுந்தது. சதுப்புக்குள் இறங்கப் பயப்படாத ஆள் ஒருவன் வேண்டும் என்று சொல்லி மாரிமுத்துவைக் கேட்டேன். துரை யோசித்துவிட்டு, “தொட்டி நன்றாக இருக்கும்வரை அவன் இருக்கட்டும்,” என்றார்.

அதை மாரிமுத்துவிடம் சொன்னேன்.

“அப்ப மீனு செத்தா நான் கப்பலா?”

“அப்படித்தான்.”

“அலமாக்! மீனோட ஆயுசுல என் சோத்தைக் கொண்டுபோய் முடிஞ்சு விட்டுட்டீங்களே ஐயா!”

2. கழுவக் கழுவக் கரைந்த செடி

செடிகள் கிடைத்தது எளிது. தோட்டத்து எல்லைக்கு அப்பால் காட்டு நிழலில் தேயிலைச் சாயம் போலத் தண்ணீர் ஓடும் ஓடை ஒன்று உண்டு. அதன் அடியில் மேலே கரும்பச்சையும் கீழே செம்பழுப்புமாக, வெற்றிலையைவிட ஒடுங்கிய இலைச் செடி கூட்டம் கூட்டமாக வளர்ந்திருந்தது. நாடா போல நீண்ட புல்லும் இருந்தது. அதே ஓடையில் செம்பு நிறத்தில் சின்ன மீன்கள். உடம்பின் பின்பாதியில் கறுப்பு மையால் முக்கோணம் வரைந்த மாதிரி இருக்கும். துரைசானி அவற்றைக் கண்டதும் கைதட்டினார்.

நான் எல்லாவற்றையும் முறைப்படி செய்தேன். ஆற்றுமணலைப் பலமுறை அலசி, பர்மாங்கனேட் கரைத்த ஊதாத் தண்ணீரில் ஊறவைத்து, மறுபடி அலசினேன். செடிகளின் வேரையும் அதே மருந்தில் முக்கி எடுத்தேன். கண்ணாடியைத் துடைத்தேன். மாரிமுத்து ஒவ்வொரு செடியாக மணலில் ஊன்றினார். மூன்றாம் வாரம் இலைகளில் ஓட்டை விழுந்தது. பிறகு, வேகவைத்த கீரை போல மொத்தமும் குழைந்து கரைந்துவிட்டது. தண்டைத் தொட்டால் விரலோடு வந்தது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன.

புதுச் செடி கொண்டுவந்தோம். அதுவும் கரைந்தது.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கண்ணாடியை ஒட்டவைத்த மக்குச் சாந்தில் விஷம் இருக்கிறது என்றார் ஆபீஸ் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி. வராந்தா வெயில் என்றேன் நான், தொட்டியை நகர்த்தினோம். நகர்த்திய இடத்தில் இருட்டு என்றார் துரைசானி, மறுபடி நகர்த்தினோம். அஞ்சலை மட்டும், “தொரைசானி பொழுதன்னைக்கும் கண்ணு கொட்டாமப் பாக்குறாங்க. பச்சைப் புள்ளையா இருந்தாலே கரைஞ்சிடும், செடி எம்மாத்திரம்?” என்று சொல்லி, ஒரு கறுப்புக் கயிற்றைக் கொடுத்தனுப்பினார். மாரிமுத்து அதைத் தொட்டிக் காலில் கட்டினார். துரைசானி அதை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிட்டார்.

துரையிடம் மீன்வளர்ப்புப் புத்தகம் ஒன்றும் சில பழைய சஞ்சிகைகளும் இருந்தன. வாங்கி வந்து எழுத்து விடாமல் படித்தேன். தெளிவதற்குப் பதிலாகக் குழப்பம் கூடியது. பழைய தண்ணீரை மாற்றாதே என்றது புத்தகம். மாற்று என்றது ஒரு சஞ்சிகை. மணலுக்கு அடியில் மண் போடு என்றது இன்னொன்று. மண் போட்டால் எல்லாம் அழுகும் என்றது அதற்கு அடுத்த இதழ். எழுதியவர்கள் எல்லாரும் குளிர்நாட்டுக்காரர்கள். அவர்கள் தண்ணீரைச் சூடாக்க விளக்கு வைப்பதைப் பற்றி விரிவாக எழுதியிருந்தார்கள். நமக்கு அந்தப் பக்கங்கள் பயன்படவில்லை.

எங்களுக்கோ தோட்டத்துச் சட்டம் ஒன்று இருந்தது. எந்தத் தண்ணீரும் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. பூ ஜாடி, கோழிக்கு வைத்த சிரட்டை, சாமி மாடத்துச் செம்பு, எதுவானாலும் சனிக்கிழமை கவிழ்த்தாக வேண்டும். போட்டது துரை, நிறைவேற்றுவது நான். கண்ணாடித் தொட்டிக்கு விலக்கு உண்டா என்று கேட்டேன்.

“என் வீட்டுக்கு ஒரு சட்டம், லயத்துக்கு ஒரு சட்டமா?” என்றார் துரை. நியாயமான பேச்சு. ஆகவே சனிக்கிழமைதோறும் மீன்களைக் குடத்தில் எடுத்துவிட்டு, தண்ணீர் முழுதையும் இறைத்து, மணலைக் கிளறிக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றினோம். புத்தகம் மாற்றாதே என்கிறது, சட்டம் மாற்று என்கிறது. புத்தகம் எனக்குச் சம்பளம் தரவில்லை. சட்டத்தின் பக்கம் நின்றேன்.

ஐப்பசி பிறந்தபோது துரை பொறுமை இழந்திருந்தார். மாரிமுத்துவைப் பார்த்துத் தன் தமிழில் கேட்டார்: “மாரிமுத்து, தொட்டி சாகுது. நீ சும்மா இருக்குது. அடுத்த கப்பல் எப்போ தெரியுமா?”

“தெரியும் தொரை. அதை நெனச்சுத்தான் நானும் செடி மாதிரி கரைஞ்சிக்கிட்டு இருக்கேன்,” என்றார் மாரிமுத்து.

துரை சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் தை மாதம்வரை தவணை கிடைத்தது.

3. காய்ச்சல் வந்தது

தீபாவளிக்குப் பின் மழை பிடித்துக்கொண்டது. அதோடு காய்ச்சலும் வந்தது. முதலில் மேட்டு லயத்தில் ஒரு குடும்பம். பிறகு வீட்டுக்கு வீடு. வார்டில் கட்டில் போதாமல் தரையில் பாய் விரித்தோம். கொய்னா மருந்தின் கசப்பில் பிள்ளைகள் அலறின. எனக்குப் புரியாதது இதுதான்: மேட்டு லயத்தைச் சுற்றியுள்ள கான்களை நானே போய்ப் பார்த்தேன். எண்ணெய்ப் படலம் மின்னியது. மிஞ்சியிருந்த இரண்டு எண்ணெய்க்காரர்களும் சோம்பேறிகள் அல்லர். எண்ணெய் இருக்கிறது, காய்ச்சலும் இருக்கிறது. பாதி ராத்திரி கண்விழிப்பில் மண்டையும் வேலை செய்யவில்லை.

தொட்டிக்குத் தண்ணீர் சுமக்கிற ஆட்களை நோயாளி தூக்கப் பிடித்துக்கொண்டேன். மாரிமுத்துவிடம், “தண்ணியைத் தொடாதே. மீனுக்குத் தீனி மட்டும் போடு. மத்தது அப்புறம்,” என்றேன்.

“சனிக்கிழமை சட்டம்?”

“சட்டத்துக்கே காய்ச்சல். போ.”

தீனி என்றால் கொசுப்புழு. உயிருள்ள புழுவைத்தான் அந்த மீன் ஆசையாகத் தின்னும் என்று புத்தகத்தில் இருந்தது; அந்த ஒன்றில் எல்லாச் சஞ்சிகைகளும் ஒத்துப்போயின. மாரிமுத்து காலையில் ஒரு தகர டின்னோடு கிளம்புவார். புழுவோடு நேரே பங்களாவின் பின்வாசலுக்குப் போய்விடுவார். ஆஸ்பத்திரிப் பக்கம் அந்த டின் வந்ததில்லை. தோட்டத்துக்கு வெளியே ஏதோ குட்டையில் பிடிக்கிறார் என்று நான் எண்ணியிருந்தேன். அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கார்த்திகையில் தொட்டி பச்சைப் பாயசம் போல ஆனது. துரைசானி அதன்மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டார். மார்கழியில் ஒருநாள் மாரிமுத்து மழையில் நனைந்துகொண்டு வார்டுக்குள் ஓடிவந்தார்.

“ஐயா, முடிஞ்சு போச்சு! மீனெல்லாம் கவுந்து நீந்துது. வயித்தை மேல காட்டிக்கிட்டு எலைக்கு அடியில போயி ஒட்டுது. நான் கப்பலுக்குத் துணி மூட்டை கட்ட வேண்டியதுதான்.”

போய்ப் பார்த்தேன். துணியை நீக்கியதும் எனக்கு என் கண்மேல் நம்பிக்கை வரவில்லை. தண்ணீர் பளிங்காக இருந்தது. கரைந்து போனதாக நாங்கள் கைவிட்ட இடங்களில், மணலைக் கிழித்துக்கொண்டு புது இலைகள் சுருட்டிய குருத்தாக நின்றன. நாடாப்புல் நீர்மட்டம்வரை எழுந்து மடிந்திருந்தது. குருத்துகளுக்கு நடுவே ஏற்கெனவே விரிந்திருந்த அகன்ற இலை ஒன்றின் அடியில் இரண்டு மீன்கள் மல்லாந்து உரசிக்கொண்டிருந்தன. சாகிற மீன் இவ்வளவு சுறுசுறுப்பாக இருக்காதே என்று பட்டது. புத்தகத்தைப் புரட்டினேன். அவை முட்டையிட்டுக்கொண்டிருந்தன.

“நாம என்ன செஞ்சோம் ஐயா?” என்று கேட்டார் மாரிமுத்து.

“ஒன்றும் செய்யலையே.”

“அப்ப எப்படி வந்துச்சு?”

தெரியவில்லை. மருந்து போடாததாலா, கிளறாததாலா, பழைய தண்ணீராலா, மீன் கழிவு உரமானதாலா? இன்றைக்கும் அந்த நான்கில் எது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. அஞ்சலைக்குச் சந்தேகமே இல்லை. துணி போட்டு மூடியதால் கண்ணேறு கழிந்தது என்றார்.

4. துரை கேட்ட கேள்வி

பொங்கல் கழிந்து சில நாளில் துரை தொட்டியின்முன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காய்ச்சல் இன்னும் தணியவில்லை. அதைப் பற்றிச் சொல்லத்தான் நான் போயிருந்தேன். துரைசானி உற்சாகமாக, தண்ணீர் மாற்றாமலே எல்லாம் தழைக்கிறது, தொட்டி தன்னைத் தானே பார்த்துக்கொள்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாரிமுத்து டின்னோடு படியருகே நின்றார்.

துரை தலையாட்டிவிட்டு என்னைப் பார்த்தார். “அப்படியானால் இந்த ஆள் எதற்கு?”

ஆடி மாதம் ஆபீசில் கேட்ட அதே குரல். தொட்டி செத்தால் கப்பல் என்று இத்தனை மாதம் பயந்தோம். தொட்டி பிழைத்தாலும் கப்பல்தான் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

“தீனி, சார்,” என்று உளறினேன். “தினமும் உயிர்ப்புழு பிடித்து வருவது இவர்தான்.”

“புழுவா? எங்கிருந்து?”

அப்போதுதான் எங்கே காலை வைத்திருக்கிறேன் என்று தெரிந்தது. தோட்டத்தில் பிடிக்கிறார் என்றால் என் கொசு ஒழிப்பு பொய். வெளியே என்றால், தோட்டத்துக்கு வெளியிலிருந்து கொசுப்புழுவை டின்னில் அள்ளித் தோட்டத்துக்குள் கொண்டுவர விட்டிருக்கிறேன். எந்தப் பதிலைச் சொன்னாலும் அடுத்த கப்பலில் எனக்கே இடம் இருக்கும் போலிருந்தது.

மாரிமுத்துவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் தன் வேலையைப் பற்றித்தான் பேச்சு என்பது புரிந்துவிட்டது. தன் திறமையைக் காட்ட வேண்டிய நேரம் இது என்று எண்ணி, மார்பை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தார்.

“தொரை, புழுவுக்கு நான் பொறுப்பு! நம்ம தோட்டத்துல புழுவுக்குப் பஞ்சமே இல்ல. எவ்வளவு வேணும், சொல்லுங்க? டின்னு டின்னாக் கொண்டாறேன்!”

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“எங்கே இருக்குது? காட்டு,” என்றார் துரை, எழுந்து தொப்பியை எடுத்தபடி.

மாரிமுத்து முன்னால், துரை அடுத்து, நான் கடைசியாக நடந்தோம். கல்யாண வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவர் போல அவர் ஒவ்வொரு இடமாகக் காட்டினார். விலை விழுந்ததால் பால் வெட்டாமல் நிறுத்திவைத்த மரங்களில் பால் பிடிக்கும் மங்குகள் வாய் திறந்தபடியே தொங்கின. மழைத் தண்ணீர் நிரம்பி ஒவ்வொன்றிலும் புழு துள்ளியது. “இது சின்ன ஜாதி, குட்டி மீனுக்கு நல்லது,” என்றார். பிறகு மேட்டு லயத்துக்குப் பின்னே, மரம் வெட்டி வெளியாக்கிய சரிவில் ஏறினார். அங்கே பாறையிடுக்கில் ஊற்றுத் தண்ணீர் கசிந்து, வெயிலில் சின்னச் சின்னக் குழிகளாகத் தேங்கித் தெளிந்து கிடந்தது.

“இதுதான் தொரை நம்ம சந்தைக்கடை. என்னைக்கு வந்தாலும் டின்னு ரொம்பும்.”

குனிந்து பார்த்தேன். சாதாரணக் கொசுப்புழு தலைகீழாகச் சாய்ந்து தொங்கும். இவை அப்படியில்லை, நீர்மட்டத்தோடு மட்டமாக, துரும்பு மிதப்பது போலப் படுத்திருந்தன. காய்ச்சல் கொசுவின் புழு. கீழே, கல்லெறி தூரத்தில், மேட்டு லயத்தின் தகரக் கூரை தெரிந்தது.

துரை குழிகளையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கேட்டார்: “இங்கே யார் எண்ணெய் அடிக்குது?”

“நான்தான் தொரை அடிச்சிக்கிட்டு இருந்தேன். என்னை நிறுத்துன பிறகு இந்தச் சரிவுக்கு ஆளு வர்றதில்ல. அவங்க ரெண்டு பேரு, கானைப் பாக்கவே சரியாப் போயிடுது.” சற்றே நிறுத்தி, மலர்ந்த முகத்தோடு சேர்த்துக்கொண்டார்: “அதனாலதான் இங்க புழு இப்படி வெளையுது. என்னைக் கேட்டா, மீனுக்கு இது நல்லதுதான்.”

துரை என் பக்கம் திரும்பினார். திட்டப் போகிறார் என்று நின்றேன். அவர் ஆங்கிலத்தில் தாழ்ந்த குரலில் சொன்னது ஒரே வாக்கியம்: “நாளைக் காலை இவனுக்குப் பம்பைக் கொடுங்கள்.” பிறகு எங்களுக்காகக் காத்திராமல் சரிவில் இறங்கிப் போனார்.

மாரிமுத்து என்னைப் பார்த்தார். “என்ன ஐயா சொல்லிட்டுப் போறாரு? கப்பலா?”

“இல்லை. மறுபடி எண்ணெய் வேலை.”

“புழு நெறையக் காட்டுனதுக்கா?”

“ஆமாம்.”

“அப்ப இன்னும் ரெண்டு எடம் இருக்கு, அதையும் காட்டியிருக்கலாமே!” என்றார்.

அவரோடு நிறுத்தப்பட்ட இன்னொருவரின் பம்பு தோட்டத்துச் சாமான் கிட்டங்கியில் கிடந்தது. அந்த மனிதர் புரட்டாசியிலேயே நாகப்பட்டணத்துக்குக் கப்பல் ஏறியிருந்தார். அவருடைய இடத்துக்கு வேறு ஆள் தேட வேண்டியிருந்தது.

5. வெறும் டின்

மங்குகளைக் கவிழ்த்தோம். ஊற்றுக்குக் கல் பதித்துக் கான் வெட்டினோம். எண்ணெய் வாரம் தவறாமல் விழுந்தது. பங்குனிக்குள் வார்டில் பாய்களைச் சுருட்டினோம். மாரிமுத்துவுக்கு எண்ணெய் வேலையோடு தொட்டி வேலையும் இருந்தது. காலையில் டின்னை எடுத்துக்கொண்டு புழு தேடிவிட்டுத்தான் பம்பைக் கட்டுவார்.

தோட்டங்களுக்குப் புதிதாக வரும் டிரசர் தம்பிகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். காய்ச்சல் இல்லாத வருஷத்தில் உங்களிடம் கேட்பார்கள், காய்ச்சல் இல்லையே, ஆள் எதற்கு என்று. அப்போது என்னைப் போல விழித்துக்கொண்டு நிற்காதீர்கள். ஆள் இருப்பதால்தான் காய்ச்சல் இல்லை என்று உடனே சொல்லுங்கள். அது எளிய பதில்தான். எனக்கு அது வாய்க்கு வர ஆடியிலிருந்து தைவரை ஆனது.

மாரிமுத்துவுக்கு அதை விளங்கவைப்பதும் லேசாக இல்லை. சித்திரையில் ஒருநாள் முகம் செத்துப்போய் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். டின்னைக் கவிழ்த்துக் காட்டினார், தண்ணீர்தான் சொட்டியது.

“தோட்டம் பூரா அலைஞ்சிட்டேன் ஐயா. ஒரு புழு இல்ல. தொரை கேட்டா என்ன சொல்றது? இந்தத் தடவை அனுப்பிருவாங்களா?”

அவரை அழைத்துக்கொண்டு பங்களாவுக்குப் போனேன். துரைசானி அவித்த முட்டையின் மஞ்சள் கருவை மீன்களுக்குப் பொடித்துப் போட்டுக்கொண்டிருந்தார். துரை டின்னை வாங்கி உள்ளே பார்த்தார். வெளிச்சத்தில் சாய்த்து இன்னொரு முறை பார்த்தார். மாரிமுத்துவிடம் திருப்பிக் கொடுத்து, தன் தமிழில் சொன்னார்:

“ரொம்ப நல்லது. நாளைக்கும் இதே மாதிரி கொண்டு வா.”

மாரிமுத்து டின்னைத் தூக்கிக்கொண்டு என்னோடு படியிறங்கினார். கீழே வந்ததும் என் காதருகே குனிந்தார்.

“ஐயா, வெறும் டின்னையா கொண்டாரச் சொல்றாரு?”